சனிக்கிழமை சொல்லாத சொல்

பாஸ்கோ ட்ரெம்பாத்துக்குக் காலில் சக்கரம் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கால் மேஜைக்கடியில் இருக்கும், இன்னொரு கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஜெபவீட்டில் எல்லோரும் அசையாமல் முழங்காலில் நிற்க, இவனுடைய முழங்கால் மட்டும் தரையில் தாளம் போடும். வீல் கெரன் சுரங்கத்தில் பதினோரு வருஷம் பாறை உடைத்தான். ஏலத்தில் எடுத்து உடைக்கும் பாறைப் பகுதியைப் பங்கு என்போம்; ஒரே பங்கை இரண்டாவது முறை கேட்டு எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டு மாதத் தவணை முடிந்ததும் அடுத்த பங்கு, அடுத்த மட்டம், அடுத்த ஏணி. அவன் மனைவி தாமசின், "உன்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு காத்தாடியைக் கட்டிக்கிட்டிருக்கலாம், அதுவாவது காத்து நின்னா நிக்கும்" என்பாள்.

ஆனால் காது என்றால் அவன் காதுதான். கருவாட்டு மீன் அடைத்த பீப்பாயைத் தட்டிப் பார்த்தே எத்தனை அடுக்கு மீதி என்று சொல்லுவான். பாறையைச் சம்மட்டியால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பான். வேறொருவன் ஒரு நாள் முழுக்கத் துளை போட்டுத் தெரிந்துகொள்வதை அவன் நாலு தட்டில் தெரிந்துகொள்வான். ஓடுகிற காலையும் கூர்மையான காதையும் ஒரே ஆளிடம் கொடுத்து ஆண்டவன் வேடிக்கை பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை ஒரு சொல்லைப் பற்றியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கார்ன்வால் சுரங்கங்களில் பாறைக்குப் பல பெயர் உண்டு. அதில் ஒன்று வூகி. வெளியே பார்த்தால் மற்றப் பாறை மாதிரியே இருக்கும். உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். விரல் நுழையும் பொந்தும் உண்டு, மாட்டைக் கட்டிப்போடும் அளவுக்குப் பொந்தும் உண்டு. உள்சுவர் முழுக்கப் படிகம் முளைத்திருக்கும். அந்தப் பொந்துக்கு வூகு என்று பெயர், பொந்துள்ள பாறை வூகி. எங்கள் பாட்டன்மார் பேசிய பாஷையில் வூகா என்றால் குகை. அந்தப் பாஷையைப் பேச இன்றைக்கு ஆளில்லை. மாட்டை விரட்டவும், பெண்டாட்டியோடு சண்டை போடவும், ஆண்டவரைக் கூப்பிடவும் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் மட்டும் கொஞ்சம் பழைய சொற்கள் பிழைத்துக் கிடக்கின்றன. ஏன் என்று கேட்டால், "பாறைக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல" என்பார் எங்கள் சுரங்கத் தலைவர் கேப்டன் ஹோஸ்கிங்.

வூகி என்று கேட்டவுடனே சுரங்கக்காரனுக்கு ஆசையும் வரும், பயமும் வரும். பொந்து இருக்கும் இடத்தில் நல்ல வெள்ளீயத் தாது கொத்தாகக் கிடைக்கும், அது ஆசை. பொந்து தனியாக இருக்காது, ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும்; பெரியதாக இருந்தால் எத்தனையோ காலத்துத் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். அதைத் தண்ணி வீடு என்போம். அதன் கதவை வெடிமருந்தால் தட்டினால் வீட்டுக்காரன் வெளியே வந்துவிடுவான். அதனால் பாறைக்குள் வெற்றிடம் கேட்டது என்றால் கேட்டவன் அன்றைக்கே கேப்டனிடம் போய் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். பங்காளியோடு பேச்சு நின்றிருந்தாலும் இதை மறைக்கக் கூடாது. இது எழுதி வைத்த சட்டம் இல்லை, அதைவிடப் பெரியது.

பாஸ்கோ அப்போது ஒன்பதாம் பங்கில் இருந்தான். நூறு ஆள் ஆழத்தில், கடலுக்கடியில் போகிற மட்டம் அது. அலை பெரிதாக இருக்கும் நாளில் தலைக்கு மேலே கடல் உருட்டும் பாறைகளின் சத்தம் கேட்கும். அவனுடைய கூட்டாளி ஆஸ்திரேலியாவில் தாமிரம் கொட்டிக் கிடக்கிறது என்று கப்பலேறிப் போய்விட்டான். ஆறு வாரம் தனியாக உடைத்தும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் ஏலம் வரும், இந்தப் பாழும் பாறையை விட்டு ஓடிவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை, அடித்த துளைக்கம்பி திடீரென்று கைப்பிடி வரை உள்ளே போனது. கம்பியை உருவிவிட்டுத் துளையைப் பெரிதாக்கினான். தொப்பியில் களிமண்ணால் ஒட்டியிருந்த மெழுகுவத்தியைக் கழற்றி உள்ளே நீட்டினான். ஒரு ரொட்டி அடுப்பு அளவுக்கு வூகு. சுவர் முழுக்கத் தேன் நிறத்திலும் கறுப்பிலும் வெள்ளீயப் படிகம், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு. பதினோரு வருஷத்தில் இப்படி ஒன்றை அவன் கனவில்கூடக் கண்டதில்லை.

பிறகு தன் வழக்கப்படி தட்டிப் பார்த்தான். வூகின் பின்சுவரில் தட்டினான், தலையைச் சாய்த்தான். இன்னொரு முறை தட்டினான். பின்னால் வெற்றிடம் இருந்தது. எவ்வளவு பெரியது என்று கணக்கே தெரியவில்லை. சுவரைத் தடவினால் வேர்த்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தான். உப்புக் கரிக்கவில்லை, துருவின் ருசி. கடல் இல்லை, கட்டிக் கிடக்கும் தண்ணீர்.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிஷமே ஏணியேறியிருக்க வேண்டும். ஆனால் இங்கேதான் எங்கள் ஊர் ஏலத்தின் சூட்சுமம் இருக்கிறது. பாறை மோசம் என்றால் உடைக்கிறவனுக்குத் தாது விற்கிற ஒவ்வொரு பவுனிலும், அதாவது இருபது ஷில்லிங்கிலும், கூடுதல் கூலி கொடுப்பார்கள். பாறை நல்லது என்றால் குறைத்துவிடுவார்கள். வூகைப் பார்த்ததாகச் சொன்னால் அடுத்த தவணையில் அவன் கூலி கால்வாசியாகிவிடும். மோசம் என்று சொல்லி அதையே மறுபடி எடுத்தால் இரண்டு மாதத்தில் சொந்தமாக ஒரு வீடும் ஒரு பசுவும் வாங்கலாம். தாமசின் ஆறு வருஷமாகப் பசு பசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

'யாருக்கும் கெடுதல் இல்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பங்கு கைக்கு வந்ததும் நீளக் கம்பியால் சின்னத் துளை போட்டு, மர ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிடலாம். அந்த வேலை அவனுக்குத் தெரியும். தொப்பிக்கென்று வைத்திருந்த களிமண்ணை எடுத்துத் துளையை அடைத்தான். மேலே பாறைத் தூளைப் பூசினான். புகைபிடித்த சுவரில் எது பாறை, எது பூச்சு என்று அவனுக்கே தெரியவில்லை. போகும்போது, மதியத்துக்குக் கொண்டுவந்த பாஸ்டியின், அதாவது மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டத்தின், ஓர முனையை, பாறைக்குள் தட்டுவதாக நாங்கள் நம்பும் குட்டிப் பேய்களுக்கு வழக்கம்போல வைத்தான். அன்றைக்குக் கொஞ்சம் பெரிய துண்டாகவே வைத்தான்.

அந்த இரண்டு வாரம் அவனைப் பார்த்திருக்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, இவனுக்கு நெஞ்சோடு கை கால் எல்லாமே குறுகுறுத்தன. முதல் ஆளாகக் கீழே போவான், கடைசி ஆளாக மேலே வருவான். யாராவது ஒன்பதாம் பங்குப் பக்கம் நெருப்புக் கேட்டு வந்தால்கூட இவனே எதிரே ஓடிப்போய்க் கொடுப்பான். தாமசினின் தம்பி எப்ரேம் ஆங்க்வின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். எப்ரேமுக்கு வாய் நீளம், கண் அதைவிட நீளம். "என்ன மச்சான், அந்தப் பாறைக்குள்ள யாரையாவது வச்சிருக்கியா? என் அக்காகிட்ட சொல்லட்டுமா?" என்று ஏணியில் எல்லோர் முன்னாலும் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், பாஸ்கோவும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஏல நாள் சனிக்கிழமை வந்தது. ஆபீஸ் மாடி ஜன்னலில் கேப்டன் ஹோஸ்கிங் கையில் கூழாங்கல்லோடு நின்றார். கீழே முற்றத்தில் நாங்கள் எண்பது பேர் நின்றோம். ஒவ்வொரு பங்காகப் பெயர் படிப்பார். இதுவரை உடைத்தவனிடம் பாறை எப்படி என்று கேட்பார். பிறகு ஏலம் கீழ்நோக்கிப் போகும். கல்லை மேலே எறிவார், அது தரையில் விழும்போது கடைசியாக வாய் திறந்தவன் எவனோ அவனுக்குப் பங்கு.

"ஒன்பதாம் பங்கு. பாஸ்கோ ட்ரெம்பாத். பாறை எப்படிப்பா?"

"செத்த பாறை, கேப்டன்."

"வேறெதும் உண்டா?"

பாஸ்கோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். "ஒண்ணும் இல்லீங்க. பவுனுக்குப் பதிமூணு ஷில்லிங் குடுத்தா நானே எடுத்துக்கறேன்."

எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பாஸ்கோ ஒரே பங்கை இரண்டாவது முறை கேட்கிறான்! அதுவும் செத்த பாறையை! தன் பங்கைத் தானே கேட்பவனுக்கு எதிராக வாய் திறப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. கேப்டன் கல்லை எறிந்தார். கல் மேலே போய்த் திரும்பியது. அப்போது எப்ரேமின் குரல் கேட்டது.

"பன்னிரண்டு! செத்ததுன்னா நானே அடக்கம் பண்ணிக்கறேன், கேப்டன்!"

கல் விழுந்தது. சிரிப்பு வெடித்தது. "எழுதிக்க, எப்ரேம் ஆங்க்வின்" என்று கணக்கரிடம் சொன்னார் கேப்டன்.

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி பாஸ்கோ நின்றான். கத்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. அடுத்தடுத்து எத்தனையோ பங்குகள் படிக்கப்பட்டன, அவன் ஒன்றுக்கும் ஏலம் கேட்கவில்லை. முதலில் அவனுக்குப் பசுதான் கண்ணில் நின்றது, பசு போச்சே என்று. வீட்டுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் அந்த வேர்த்த சுவர் ஞாபகம் வந்தது. எப்ரேமுக்கு அது தெரியாது. களிமண்ணைக் கண்டுபிடிப்பான், படிகத்தைப் பார்ப்பான், ஆசையில் வெடி வைப்பான். பாஸ்கோ வழியிலேயே நின்றான். திரும்பி ஆபீஸ் பக்கம் நாலு எட்டு வைத்தான். மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பினான்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பாறையை மறைத்தவன் என்று பெயர் அடிபடும். இந்தக் கடற்கரையில் எந்தச் சுரங்கமும் அவனுக்குப் பங்கு கொடுக்காது. சொல்லாமல் விட்டால் மனைவியின் தம்பி தண்ணீரில் போவான். ஒரு ஆள் இதில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணி வரை நேரம் இருந்தது அல்லவா? நேரம் இருக்கிறது என்ற நினைப்பைப் போல மனிதனைக் கெடுப்பது வேறொன்றில்லை.

ஞாயிறு ஜெபவீட்டில் ஆராதனை முடிந்ததும் பன்னிரண்டு பேர் வகுப்பாக உட்கார்ந்தார்கள். அதற்கும் தலைவர் கேப்டன் ஹோஸ்கிங்தான். ஒவ்வொருவரிடமும் அந்த வாரம் ஆத்துமா எப்படி இருந்தது என்று கேட்பார். மனுஷன் அதையும் பாறையைக் கேட்கிற அதே குரலில்தான் கேட்பார்.

"பாஸ்கோ, ஆத்துமா எப்படிப்பா?"

"கர்த்தர் கிருபையால நல்லா இருக்குங்க."

"வேறெதும் உண்டா?"

"ஒண்ணும் இல்லீங்க."

இரண்டாவது முறையும் வாயில் வந்ததை விழுங்கினான். சாப்பாடானதும் செங்குத்தான கடற்பாதையில் ஏறி இறங்கி எப்ரேமின் வீட்டுக்குப் போனான். எப்ரேம் வாசலில் உட்கார்ந்து பூட்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தப் பங்கை விட்டுடு. அது நல்லதில்ல."

"அப்படியா? நேத்து செத்ததுன்ன. செத்தது யாரைக் கடிக்கும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்டா. உனக்காகச் சொல்றேன்."

"எனக்காக!" எப்ரேம் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுச் சிரித்தான். "பதினோரு வருஷமா ஒரு இடத்துல குந்தாதவன் அந்தப் பாறைகிட்ட ரெண்டு வாரம் குடித்தனம் பண்ணினே. இப்ப ஞாயித்துக்கிழமை சோறு செரிக்கறதுக்குள்ள ஓடி வந்து நல்லதில்லங்கற. நான் என்ன நேத்துப் பொறந்தவனா? என்ன இருக்குன்னு சொல்லு, பாதி தர்றேன்."

இப்போது என்ன எச்சரித்தாலும் அது பங்கைத் திரும்பப் பிடுங்குகிற தந்திரமாகவே கேட்கும். பாதி உண்மை உதவாது என்று பாஸ்கோவுக்குப் புரிந்தது. முழு உண்மை தொண்டை வரை வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு ஆள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மச்சானுங்க, பாறைக்கு எழவு கேக்கறீங்களா?" என்றான். பாஸ்கோ வந்த வழியே திரும்பினான். அன்று பொழுது சாயும் வரை கடற்பாதையிலேயே போனான், வந்தான். எங்கள் ஊர் ஆட்கள் மூன்று பேர் அவனை மூன்று வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது, ஆட்கள் இறங்கினார்கள். பாஸ்கோவுக்குப் பங்கு இல்லை, போக வேலையும் இல்லை. ஆனாலும் தாமசின் பழக்கத்தில் அவனுக்கும் ஒரு பாஸ்டி சுட்டு, முனையில் அவன் பெயரின் முதல் எழுத்தைக் கிள்ளி வைத்திருந்தாள். அவன் அதைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்தான்.

"என்னதான் ஆச்சு உனக்கு? ரெண்டு நாளா வீட்டுக்குள்ள செக்கு மாடு மாதிரி சுத்தற."

அவன் சொல்லிவிட்டான். களிமண், படிகம், வேர்த்த சுவர் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். அவள் மாவுக் கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி கீழ இருக்கான்" என்றாள். "நீ இங்க நின்னு என்கிட்ட சொல்லிட்டிருக்க."

பாஸ்கோ ஓடினான். சுரங்க வாயில் கேப்டன் நின்றிருந்தார். அங்கேயே சொல்லியிருந்தால் அவர் மணியடித்து எல்லோரையும் மேலே கூப்பிட்டிருப்பார். தண்ணீர் இறைக்கிற இரும்புக் குழாயில் தட்டினால் அடி மட்டம் வரை இரண்டு நிமிஷத்தில் சேதி போயிருக்கும். அவர் முகத்தைப் பார்த்ததும் பாஸ்கோவின் நாக்கு மறுபடி மடங்கியது. "எப்ரேமைப் பார்க்கணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தான். அவன் மேல் எனக்குத் தீராத கோபம் என்றால் அது சனிக்கிழமைக்காக இல்லை, இந்த நிமிஷத்துக்காகத்தான்.

இருபத்தெட்டு ஏணி இறங்க வேண்டும். அவனைப் போல வேகமாக யாரும் இறங்கியதில்லை. ஒன்பதாம் பங்கின் திருப்பத்தில் எப்ரேம் பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருந்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பல் தெரிந்தது.

"வா மச்சான், வா! செத்ததுக்கு என்ன அழகா சவப்பெட்டி செஞ்சு பூசி வச்சிருக்க! சுரண்டிப் பார்த்துட்டேன். இரு, தலையைக் குனி, திரி கொளுத்தியாச்சு."

பாஸ்கோவுக்கு மூச்சு வாங்கியது. "வூகி" என்றான்.

"அதான் கண்ணால பார்த்தேனே."

"அதுக்குப் பின்னால. பின்னால வூகி."

எப்ரேமின் சிரிப்பு நின்றது. எதற்காக மறைத்தாய் என்றுகூட அவன் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

"எவ்வளவு பெருசு?"

"கணக்கு தெரியல. சுவர் வேர்க்குது."

திரியை இனிப் பிடுங்க முடியாது. துளைக்குள் ஆழமாக அடைத்தாயிற்று, எரிகிற முனை உள்ளே போய்விட்டது; நீளத் திரி என்பதால் வெடிக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது. எப்ரேம் எழுந்து நின்றான். "கீழ் மட்டத்துல ரோவ் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இருக்காங்க" என்றான். மெழுகுவத்தியைத் தொப்பியில் ஒட்டிக்கொண்டான். "நான் அவங்களைக் கிளப்பறேன். நீ மேல போய்க் குழாயைத் தட்டு."

"நான் போறேன் கீழ. நான்தான்டா..."

"உனக்கு அந்த வழி தெரியாது, நான் போன தவணை அங்கதான் இருந்தேன். ஓடு மச்சான். ஓடறதுதானே உனக்குக் கைவந்த கலை!"

கடைசியாகப் பேசியதும் கிண்டல்தான். பாஸ்கோ ஓடினான். இரும்புக் குழாயைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே ஏறினான், மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. எல்லா மட்டத்திலிருந்தும் ஆட்கள் ஏணிக்கு வந்தார்கள். வெடிச் சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு காற்று வந்து எல்லோருடைய மெழுகுவத்தியையும் அணைத்தது. காற்றின் பின்னால் தண்ணீர் வந்தது.

ரோவ் சகோதரர்கள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் ஏணியைப் பிடித்து வந்துவிட்டார்கள். எப்ரேம் தங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தான் என்றார்கள். தள்ளுகிற கை எந்த ஏணியில் நின்றது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பம்பு எஞ்சின் பதினோரு நாள் ஓய்வில்லாமல் இறைத்தது. பன்னிரண்டாம் நாள் எப்ரேமின் உடலை மேலே கொண்டுவந்தார்கள். ஊரே பாடிக்கொண்டு பின்னால் நடந்தது. எங்கள் வழக்கப்படி தோளில் தூக்காமல் கையில் தாழ்வாகப் பிடித்துத் தூக்கிப்போனோம். பாஸ்கோவைத் தூக்க யாரும் கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

தண்ணீர் வந்த அன்றே முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவன் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான். கேப்டன் கேட்டு முடித்து, "ரெண்டு தடவை கேட்டேனேப்பா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. புத்தகத்தில் அவன் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பிறகு எந்தச் சுரங்கமும் அவனைச் சேர்க்கவில்லை.

கப்பலேறிப் போய்விடுவான் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். காலில் சக்கரம் கட்டியவனுக்கு ஆஸ்திரேலியா என்ன, அடுத்த தெருதானே. அவன் போகவில்லை. சுரங்கத்துக்குப் போகிற சாலையோரத்தில், ஜெபவீட்டுக்கு எதிரே, சாலைக்குக் கல் உடைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரே கல்லின் மேல் உட்கார்ந்து, ஒரே குவியலை உடைத்தான். காலையும் மாலையும் ஆட்கள் அவனைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். மழையிலும் சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தான். ஒன்பது வருஷம் அப்படி. உடம்பு அசையவில்லை, கண்கள் மட்டும் ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காது. நடந்து திரிந்த காலத்தில் அவனைப் பார்த்துச் சிரித்தோம். உட்கார்ந்த பிறகு எங்களால் அவனைப் பார்க்க முடியவில்லை.

தாமசின் அவனை விட்டுப் போகவில்லை. அவளும் ஏதோ பேசினாள், சமைத்தாள், துவைத்தாள். ஒரே ஒரு முறை அவன் என்னவோ கேட்க வாயெடுத்தபோது, "மன்னிச்சுட்டேனான்னு மட்டும் கேட்காத. கேட்டா பதில் சொல்ல வேண்டி வரும். பாஸ்டி ஆறுது, தின்னு" என்றாள். அவன் தின்றான்.

ஒன்பதாவது வருஷம் கோடையில் லண்டனிலிருந்து ஒரு கனவான் வந்தார். பாறைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். பை நிறையக் கல், கையில் சின்னச் சுத்தியல், நோட்டு. அவருக்குக் கல்லோடு சொல்லும் வேண்டும். சுரங்க ஆட்கள் பேசுகிற ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறார், எந்த அகராதியிலும் இல்லையாம். கேப்டன் ஹோஸ்கிங்குக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. "அதை என்கிட்ட கேக்காதீங்க" என்றார். "சாலையில ஒருத்தன் உட்கார்ந்து கல் உடைக்கறான் பாருங்க. அந்தச் சொல்லுக்கு இந்த ஊர்லயே அதிக விலை குடுத்தவன் அவன்தான்."

கனவான் குவியலுக்கு எதிரே வந்து தொப்பியைத் தொட்டார். "உங்களை வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். வூகின்னு ஒரு சொல். அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ல முடியுமா?"

பாஸ்கோவின் சம்மட்டி நின்றது. "பொந்துள்ள பாறைங்க, ஐயா."

"சின்னப் பொந்தா, பெரிசா?"

"வெளியிலேர்ந்து தெரியாதுங்க. தட்டிப் பார்க்கணும்."

"உள்ளே படிகம் இருக்குமாமே?"

"இருக்கும். அழகா இருக்கும்."

"சொல் எங்கேயிருந்து வந்தது?"

"எங்க பழைய பாஷைங்க. கடலோரக் குகையை வூகான்னு சொல்லுவாங்க. அந்தப் பாஷை போயிடுச்சு. இது மட்டும் கீழ தங்கிடுச்சு."

கனவான் வேகவேகமாக எழுதினார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பிறகு தலையை நிமிர்த்தி, "உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வேணும். உங்க ஆட்கள் பேசறப்போ இந்தச் சொல் எப்படி வரும்? அப்படியே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார்.

பாஸ்கோ யோசிக்கவே இல்லை. எழுந்து நின்றான். ஒன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவன் எழுந்து நின்றதை எதிரே ஜெபவீட்டுப் படியிலிருந்த நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கண்களும் அலையவில்லை. சுரங்க ஆபீசின் மாடி ஜன்னல் இருக்கும் திக்கைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான்.

"கேப்டன், ஒன்பதாம் பங்கு செத்த பாறை இல்லீங்க. வூகி. பின்னால தண்ணி இருக்கு. யாரையும் அனுப்பாதீங்க."

கனவான் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். "அருமையான வாக்கியம்" என்றார். "இதை யார் சொன்னது? பேரையும் போட்டுடலாம்."

பாஸ்கோ தொப்பியைப் போட்டுக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"யாரும் சொல்லலீங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தான்.